கதவுதான் பானை: பிக்கப் வண்டில பாட்டு செட் மாத்தின அனுபவம்

பிக்கப்ல பாட்டு செட் மாத்தப் போறேன்னு யாராச்சும் வந்து கேட்டா நான் ஆம்ப் (சத்தத்தப் பெருக்கற பெட்டி) பத்தியோ ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) பத்தியோ முதல்ல பேசுறதில்ல, போய் உங்க வண்டிக் கதவ விரல மடக்கித் தட்டிப் பாருங்கன்னுதான் சொல்றேன். தகர டின்னத் தட்டுன மாதிரி "டங்ங்"னு இழுத்துச்சுன்னா அந்தக் கதவுல பத்தாயிரம் ரூவா ஸ்பீக்கர் மாட்டினாலும் அந்த டின்னு சத்தம்தான் கேக்கும். இத நான் தெரிஞ்சுக்கறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவுல ஒரு ராத்திரி வண்டியே எரிஞ்சு போற நிலைமைக்கு வந்துச்சு, அதனாலதான் இவ்ளோ வெவரமா எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது பொலேரோ பிக்கப், ரெண்டாவது கையா வாங்கினது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல சாயங்காலம் காய் ஏத்துனா பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியா பாலக்காடு, அங்கருந்து திருச்சூர். போக ஒரு ராத்திரி, இறக்கிட்டு திரும்ப வர ஒரு பகல். வாரத்துல அஞ்சு ட்ரிப்பு ஓடுன காலமெல்லாம் உண்டு. அந்தக் கேபின்ல நான் இருக்கற நேரம் வீட்ல இருக்கற நேரத்த விட ஜாஸ்தி, அதனால பாட்டுங்கறது எனக்கு ஆடம்பரம் இல்லைங்க, கூட வர்ற ஆள் மாதிரி. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், பாட்டு போட்டா தூக்கம் வராதுன்னு நெனச்சு ஓட்டாதீங்க, கண்ணு சொக்குனா ஓரங்கட்டி இருவது நிமிஷம் தூங்கறதத் தவிர வேற வழியே கிடையாது, எந்த ஊஃபரும் அதுக்கு ஈடாகாது.

வண்டி வாங்குறப்ப டேஷ்போர்டுல ஒரு பழைய செட்டும், சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஓவல் ஸ்பீக்கர் வெச்ச பலகைப் பெட்டியும், அதுக்கு ஒரு 4440 போர்டும் இருந்துச்சு. 4440 தெரியாதவங்களுக்கு, அது எல்ஏ4440ங்கற ஐசி, நம்ம ஊர் ரேடியோ கடைல எல்லாம் அசெம்பிள் பண்ணித் தருவாங்களே, ஆட்டோ, மினி பஸ், ட்ராக்டர் எல்லாத்துலயும் பாடிட்டு இருக்குமே அது. ஸ்டீரியோவா ஓடுனா சேனலுக்கு 6 வாட், ரெண்டையும் சேத்து பிரிட்ஜ் பண்ணா 19 வாட், அவ்ளோதான் அதோட சக்தி. அந்த 19 வாட்ட வெச்சு நம்ம ஊர் மெக்கானிக்குங்க பண்ணுன வேலை எனக்கு இன்னிக்கும் மரியாதையாத்தான் இருக்கு. ஆனா என் வண்டில வேகம் அறுபதத் தாண்டுனா அது கேக்காது, வால்யூம் ஏத்துனா கரகரக்கும்.

அப்பதான் முதல் தப்பு பண்ணேன். பக்கத்து டவுன்ல ஒரு கடைக்குப் போனேன், அட்டைப் பெட்டி மேல கொட்டை எழுத்துல 4000 வாட்னு போட்ட ஒரு ஆம்ப், அதுக்கு ஒயர் கிட்டு, நாலு ஸ்பீக்கர் எல்லாம் சேத்து பதினோராயிரம்னு சொன்னாங்க, ரெண்டு மணி நேரத்துல மாட்டியும் குடுத்துட்டாங்க. மாட்டுன பையன் பேட்டரியிலருந்து நேரா ஒரு செகப்பு ஒயர எடுத்து, சீட்டு தகடு மேல மடக்கி விட்டு, ஆம்ப்ல குத்தினான். நடுவுல பியூஸ் கிடையாது. நானும் கேக்கல, கேக்கணும்னு தெரியல.

ஒரு மாசம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு ராத்திரி ஒரு மணி இருக்கும், முருங்கக்காயும் தக்காளியும் லோடு, கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறைக்கு முன்னாடி போயிட்டு இருக்கோம், கூட வந்த தம்பி "அண்ணே ரப்பர் கருகுற வாசம் வருதுண்ணே"ங்கறான். நான் முன்னாடி போற லாரி பிரேக்குன்னு நெனச்சேன். அடுத்த நிமிஷம் சீட்டுக்கு அடியில இருந்து பொக கெளம்புது, ஹெட்லைட் மங்கி மங்கி எரியுது. நிறுத்துனேன், சாவிய எடுத்துட்டேன், பொக நிக்கல, ஏன்னா அந்த ஒயர் சாவி வழியா வரல, நேரா பேட்டரியிலருந்து வருது. பத்தாம் நம்பர் ஸ்பேனரத் தேடி எடுத்து டெர்மினலக் கழட்டுறதுக்குள்ள ஒயர் மேல இருந்த பிளாஸ்டிக் முக்காவாசி உருகி தரை விரிப்புல ஒட்டிருச்சு. கை நடுங்குச்சு எனக்கு. அந்தத் தம்பிக்கு அப்ப பத்தொம்பது வயசு, அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

விடிஞ்சப்புறம் பாத்தா, சீட்டு தகடோட கூரான ஓரம் வண்டி ஆட ஆட ஒயர் தோல அறுத்து பாடில ஒட்ட வெச்சிருக்கு. பேட்டரி ப்ளஸ் நேரா பாடில பட்டா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், எந்த ஒயர் தாங்கும்? பேட்டரி பக்கத்துல ஒரு அம்பது ரூவா பியூஸ் இருந்திருந்தா டப்புனு போயிருக்கும், பாட்டு நின்னிருக்கும், அவ்ளோதான். ஆம்ப்ல ஏற்கனவே பியூஸ் இருக்கேன்னு சொல்லுவாங்க, அது ஆம்புக்கு. பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவுல இருக்கற ஒயர யாரு காப்பாத்துவா? அதுக்குத்தான் பேட்டரியில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள பியூஸ் இருக்கணும்ங்கறது. இதப் படிக்கறவங்க வேற எதையும் செய்யாட்டியும் பரவால்ல, நாளைக்குக் காலைல உங்க வண்டில இந்த ஒண்ண மட்டும் பாத்துருங்க.

எரிஞ்சு மிஞ்சுன ஒயரக் கத்தியால சொரண்டிப் பாத்தேன், மேல செம்பு கலர், உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம். வெளிய பாக்க கட்டை விரல் தண்டி இருக்கும், பூரா பிளாஸ்டிக், உள்ள கம்பி ஒரு பென்சில் தண்டி கூட இல்ல. முலாம் பூசுன அலுமினியத்துக்கு அதே தண்டி செம்ப விட ஒன்றரை மடங்குக்கு மேல தடை ஜாஸ்தி, அது சூடாகத்தான் செய்யும்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பாட்டே இல்லாம ஓட்டினேன். எங்க ஊர்ல முன்ன ரேடியோ கடை வெச்சிருந்த மாமா ஒருத்தர் இருக்காரு, கடைய மூடி வருஷமாச்சு, வீட்டுத் திண்ணைல உக்காந்து மிக்சி, ஃபேன் ரிப்பேர் பாப்பாரு. அவர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவரு அந்த 4000 வாட் ஆம்ப வாங்கி திருப்பிப் பாத்தாரு, பின்னாடி சொருகியிருந்த பியூஸக் காட்டி "இது எத்தன ஆம்பியர் மாப்ள"ன்னாரு. 25. "வண்டி ஓடுறப்ப வோல்ட்டு?" 14னு வெச்சுக்கங்க மாமான்னேன். "பெருக்கு." 350. "உள்ள போறதே 350 வாட்டுதான், அதுல பாதி சூடாப் போயிரும், இதுக்குள்ள 4000 எங்கருந்து வரும்?" அன்னைக்கு எனக்குத் தெளிஞ்சது இதுதான், ஆம்போட உண்மையான பவர் தெரியணும்னா அட்டைப் பெட்டியப் பாக்காதீங்க, பியூஸப் பாருங்க. அதே மாதிரி டேஷ்போர்டு செட்டு மேல 50 வாட் x 4னு போட்டிருக்கும், 14 வோல்ட்ட வெச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமா குடுக்க முடியறது கணக்குப் போட்டா 25 வாட் கூட முழுசா வராது, நெஜத்துல இருவது கிட்டத்தான் நிக்கும். ஆர்எம்எஸ்னு எழுதியிருக்கற நம்பர, அதாவது தொடர்ந்து குடுக்கற பவர, மட்டும் நம்புங்க, மேக்ஸ், பீக், பிஎம்பிஓ எல்லாம் வெறும் ஸ்டிக்கர்.

அப்புறம் அவரு கேட்டாரு, "சின்ன வயசுல பானைல ஸ்பீக்கர் வெச்சீங்களே, ஏன் வெச்சீங்க?"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க வீட்ல டேப் ரெக்கார்டர் இருந்த காலத்துல, வெளி ஸ்பீக்கர் ஒண்ண மண்பானை வாயில உக்கார வெச்சிருப்போம், பேஸ் அப்டியே நெஞ்சுல இடிக்கும், தெருவுல பாதி வீட்ல இந்தப் பானை இருந்துச்சு. ஏன்னு யாரும் கேட்டதில்ல. மாமா சொன்னாரு, ஸ்பீக்கர் அட்டை முன்னாடி வர்றப்ப முன்பக்கம் காத்தத் தள்ளுது, அதே நேரம் பின்பக்கம் காத்த இழுக்குது, இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சந்திச்சா ஒண்ண ஒண்ணு தின்னுரும், அதுலயும் பேஸ்தான் முதல்ல காலியாகும். பானை என்ன பண்ணுது, பின்பக்கத்துக் காத்த உள்ளயே புடிச்சு வெச்சுக்குது. "உன் வண்டிக்குக் கதவுதான் பானை, அது ஓட்டைப் பானையா இருந்தா நீ எதக் கொண்டு வந்து வெச்சாலும் பேஸ் வராது மாப்ள."

இதுக்கப்புறம் நான் செலவு பண்ணுன வரிசையே மாறிப்போச்சு. முதல்ல ஒயரு, எர்த்து. அப்புறம் கதவு. அப்புறம் ஸ்பீக்கர். ஆம்ப் கடைசி.

ஒயருக்கு கார் ஆடியோ ஒயர் கிட்டு எதுவும் வாங்கல. எலெக்ட்ரிக்கல் கடைல 10 ஸ்கொயர் எம்எம் சுத்த செம்பு மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் மீட்டர் கணக்குல வாங்கினேன், 8 கேஜ்னு சொல்றது 8.4 ஸ்கொயர் எம்எம் கிட்ட வரும், அத விட இது ஒரு சுத்து தண்டி. அது மேல சூடு தாங்குற ஸ்லீவ், கேபினுக்குள்ள நுழையற ஓட்டைல ஒயர் அறுபடாம காக்கற ரப்பர் வளையம், அதான் க்ரோமெட், கூரான தகடு இருக்கற எடமெல்லாம் தாண்டி ஓரமா கிளிப் அடிச்சு கொண்டு வந்தேன். கடைசியா வாங்குன புது ஆம்ப் சேனலுக்கு 50 வாட், நாலு சேனல், ஃபுல்லா கத்துனா 25, 28 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால பேட்டரிகிட்ட 30 ஆம்பியர் பியூஸ். ஒயர் முனைக்கு லக்கு (உலோக வளைய முனை) போட்டு அழுத்தி கிரிம்ப் பண்ணுனேன், வெறும் ஒயர முறுக்கி டேப்பு சுத்துற வேலை பிக்கப்ல ஆகாதுங்க, அந்த ஆட்டத்துக்கு ஆறு மாசத்துல லூசாயிரும்.

எர்த் விஷயத்துல பிக்கப்புக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, காருக்கு எழுதுனதப் படிச்சு மாட்றவங்க இதுலதான் மாட்டிக்கறாங்க. நம்ம வண்டில கேபின் சேஸ் (அடிச்சட்டம்) மேல ரப்பர் புஷ் வெச்சு உக்காந்திருக்கு. ரப்பர் கரண்ட கடத்தாது. கேபினுக்கும் இஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவுல ஓடுற எர்த் பட்டைதான் மொத்த கரண்டும் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற வழி. என் வண்டில முன்ன யாரோ மீன் லோடு அடிச்சிருப்பாங்க போல, உப்புத் தண்ணி எறங்கி அந்தப் பட்டை பச்சை பூத்து பாதி நார் அறுந்து தொங்குச்சு. முதல் தடவ மாட்டுனப்ப ஆக்சிலேட்டர மிதிச்சா பாட்டுக்குள்ள "ஙொய்ய்ய்"னு ஒரு கொசு சத்தம் ஏறி ஏறி எறங்கும், டைனமோ சத்தம்னு சொல்லுவாங்க, அதுக்குப் பெரிய காரணம் இதுதான். புதுப் பட்டை போட்டு, போல்ட் உக்கார்ற எடத்துல பெயிண்ட்ட சொரண்டி தகடு பளபளன்னு தெரியற வரைக்கும் எமரி போட்டு, முறுக்கிட்டு மேல கிரீஸ் தடவி விட்டேன். கொசு சத்தம் முக்காவாசி போச்சு, அதோட ஹெட்லைட் வெளிச்சம் கூடுச்சு, செல்ஃபும் ஒரே அடில எடுக்க ஆரம்பிச்சுது. மிச்சக் கொசு, செட்டுலருந்து ஆம்புக்குப் பாட்டக் கொண்டு போற சிக்னல் ஒயர பவர் ஒயரோட சேத்துக் கட்டியிருந்ததால வந்தது, ஒண்ண வலது பக்கம் ஒண்ண இடது பக்கம் பிரிச்சு விட்டேன், சுத்தமா நின்னுருச்சு.

இன்னொரு சின்ன விஷயம், ஆம்ப ஆன் பண்ற நீல ஒயர நேரா பேட்டரில குத்தாதீங்க, செட்டோட பின்னாடி அதுக்குன்னே ஒரு ஒயர் வரும். நேரா குத்துனா ராத்திரி பூரா ஆம்ப் முழிச்சிட்டு இருக்கும், ரெண்டு நாள் வண்டி நின்னா செல்ஃப் எடுக்காது.

இப்ப கதவு. இதுக்கு நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா எடுத்துக்கிட்டேன், மச்சானும் நானும். கண்ணாடி ஏத்துற ஹேண்டிலுக்குப் பின்னாடி ஒரு சின்ன கிளிப் இருக்கும், ஸ்க்ரூ ட்ரைவர் போட்டு நெம்புனா கதவோட உள்பக்க அட்டை, அதான் பேடு, கிழியும், ஒரு பழைய துணிய ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவுல விட்டு செருப்பு பாலீஷ் போடற மாதிரி இப்டியும் அப்டியும் இழுத்தா கிளிப்பு தானா துள்ளி வெளிய வந்துரும், எங்க விழுதுன்னு மட்டும் பாத்துக்கங்க. பேட்ட எடுத்தா உள்தகட்டுல பெரிய பெரிய ஓட்டை, ஒரு பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டியிருக்கும். இதுதான் ஓட்டைப் பானை.

அந்த ஓட்டை வழியா கைய விட்டு வெளித்தகட்டோட உள்பக்கத்த பெட்ரோல் நனைச்ச துணியால நாலு தடவ தொடைச்சேன், பத்து வருஷ மண்ணு வந்துச்சு. வெயில் பட வண்டிய நிறுத்திட்டு, பியூட்டைல் ஷீட்டு, ஒரு பக்கம் கருப்பா பிசினா இருக்கும் இன்னொரு பக்கம் அலுமினியம், அத வெட்டி ஒட்டி ரப்பர் உருளைய வெச்சு ஷீட்டு மேல இருக்கற டைமண்ட் அச்சு மறையற வரைக்கும் அழுத்தணும். வெளித்தகடு முழுசும் மூட வேண்டியதே இல்ல, நடுவுல மூணுல ஒரு பங்கு ஒட்டுனாலே அந்த "டங்" செத்துரும். ஷீட்டோட ஓரம் பிளேடு மாதிரி, கையுறை போட்டுக்கங்க, மச்சானுக்கு ரெண்டு விரல் கிழிஞ்சுது. வெல கம்மின்னு தார் ஷீட்டு வாங்கிராதீங்க, சித்திரை வெயில்ல உருகி கதவுக்கு அடியில வழியும்.

உள்தகட்டு ஓட்டைகள மெல்லிசு அலுமினியத் தகடு வெட்டி ஸ்க்ரூ போட்டு மூடி, அது மேல ஷீட்டு ஒட்டினேன். ஸ்க்ரூ எதுக்குன்னா நாளைக்கு கண்ணாடி மெஷின் போச்சுன்னா கழட்டணும் இல்லையா. இதுல ஒரு எச்சரிக்கை, கதவுக்கு அடியில தண்ணி வடியற சின்ன ஓட்டை இருக்கும், அத மட்டும் அடைச்சிராதீங்க. மழை பெஞ்சா கண்ணாடி வழியா தண்ணி கதவுக்குள்ள எறங்கத்தான் செய்யும், அது வெளிய போகணும், அடைச்சா ஒரே மழைக்காலத்துல கதவு துருப்பிடிச்சுரும்.

ஸ்பீக்கர் 6.5 இன்ச். வாங்குறதுக்கு முன்னாடி கண்ணாடிய முழுசா எறக்கிட்டு தகட்டுக்கும் கண்ணாடிக்கும் எவ்ளோ எடம் இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்துக்கங்க, ஸ்பீக்கர் பின்னாடி காந்தம் கண்ணாடில இடிச்சா எல்லாமே வீண். எனக்கு எடம் பத்தல, அதனால வளையம் வெச்சுத் தூக்குனேன். வளையத்துக்கு சாதா பலகையோ மரத்தூள அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப்போ போட்டா தண்ணி பட்டு ஊறி உப்பிரும், பாலக்காட்டுல ஆசாரிங்க பாத்ரூம் கதவுக்கு மல்டிவுட்டுன்னு ஒண்ணு போடுவாங்க, பிவிசி பலகை, 18 எம்எம், ஒரு மரக்கடைல துண்டு மிச்சம் கெடந்தத கம்மி வெலைக்கு வாங்கி வட்டமா அறுத்து போட்டேன். ரெண்டு மழைக்காலம் தாண்டிருச்சு, ஒண்ணும் ஆகல.

எல்லாம் மாட்டி பாட்டு போட்டா, சத்தம் நல்லா இருக்கு, ஆனா பேஸ் இல்ல! எனக்கு அழுகையே வந்துரும் போல ஆயிருச்சு. மாமாவுக்கு போன் போட்டேன், "டார்ச்சுக்கு போடற செல்லு ஒண்ணு எடு"ன்னாரு. ஒன்றரை வோல்ட் செல்லோட ப்ளஸ ஸ்பீக்கர் ஒயர் ப்ளஸ்லயும் மைனஸ மைனஸ்லயும் ஒரு நொடி தொட்டா அட்டை வெளிய துள்ளணும். வலது கதவு வெளிய துள்ளுச்சு. இடது கதவு உள்ள போச்சு. ஒயர மாத்திக் குடுத்திருக்கேன், ஒண்ணு தள்ளறப்ப இன்னொண்ணு இழுக்குது, பானையே இல்லாத கதைதான் திரும்பவும். ரெண்டு ஒயர மாத்திச் சொருகினதும் தவில் சத்தம் கால் பக்கத்துலருந்து "தும்"முன்னு வந்துச்சு பாருங்க, மச்சான் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

அடுத்து வண்டிச் சத்தம். இத யாருமே செட்டு வேலைல சேத்துக்கறதில்ல, நான் சொல்றேன் இதுதான் பாதி வேலை. 2523 சிசி டீசல் இஞ்சினு, ரோட்டு சத்தம், காத்து, எல்லாம் சேந்து நாம கேக்க வேண்டிய பாட்ட மூடிருது, முக்கியமா பேஸ. போன்ல ஒரு டெசிபல் ஆப்பு போட்டுக்கிட்டு உடுமலை ரோட்டுல 70ல ஓட்டிப் பாத்தேன், வேலைக்கு முன்ன ஒரு தடவ, பின்ன ஒரு தடவ. போன் ஆப்பு துல்லியமா இருக்காது, ஆனா அதே போனு அதே எடம்னா வித்தியாசத்த நம்பலாம். கியர் லிவர் ரப்பர் கிழிஞ்சிருந்தத மாத்துனது, கதவு பீடிங் ரப்பர் புதுசு போட்டது, தரை விரிப்புக்கு அடியில ஷீட்டும் அதுக்கு மேல ஃபோமும் போட்டது, பெடல் பக்கம் சும்மா திறந்து கெடந்த ரெண்டு ஓட்டைக்கு க்ரோமெட் போட்டது, இவ்ளோ பண்ணதுக்கு 5 டெசிபல் கொறஞ்சுது. கம்மியாத் தெரியும். ஆனா ஆம்ப் வாட்ட ரெண்டு மடங்காக்குனா கெடைக்கறது வெறும் 3 டெசிபல்தான், அந்தக் கணக்குல 5 டெசிபல் சத்தத்தக் கொறைச்சது மூணு மடங்கு பெரிய ஆம்ப் வாங்குனதுக்குச் சமம். எனக்கு ஆன செலவு மூவாயிரத்து சொச்சம்.

காதுக்கும் இதுதான் நல்லது. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் காது தாங்கற கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் கொறையும், 88ல 4 மணி, 91ல 2 மணி. நாமளோ ஒரு ராத்திரிக்கே எட்டு மணி நேரம் உக்காந்திருக்கோம். பழைய செட்டு ஓட்டுன காலத்துல வீட்டுக்கு வந்து படுத்தா காதுக்குள்ள "ரீங்"னு கேட்டுட்டே இருக்கும், அது களைப்புன்னு நெனச்சேன், இல்ல, காது அடி வாங்கிட்டு இருந்திருக்கு. இப்ப அது இல்ல. பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் சத்தமும், லோடு கயிறு தளர்ந்து தார்ப்பாய் அடிக்கற சத்தமும் நமக்குக் கேக்கணும், அந்த அளவுக்கு மேல வால்யூம் வெக்கறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

ஆம்ப்ல கெயின்னு ஒரு திருகாணி இருக்கும், எல்லாரும் அத வால்யூம்னு நெனச்சு கடைசி வரைக்கும் திருகி விட்டுருவாங்க. அது செட்டுலருந்து வர்ற சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பாக்கறது. திருகி விட்டா அலையோட தலை வெட்டுப்படும், அந்த வெட்டுப்பட்ட சத்தம்தான் ட்வீட்டர, கீச்சுச் சத்தத்துக்குன்னு இருக்கற குட்டி ஸ்பீக்கர, கொல்றது. மாமா சொல்லிக் குடுத்த முறை இது: ஸ்பீக்கர் ஒயரக் கழட்டிருங்க, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண பென்டிரைவ்ல ஏத்தி போடுங்க, ஆம்ப்ல ஃபில்டர ஆஃப்ல வைங்க, செட்ல பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம், வால்யூம் முக்கால்வாசி. மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு ஆம்ப் ஸ்பீக்கர் முனைல புடிங்க. 50 வாட்ட 4 ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1 வோல்ட், மீட்டர் அதத் தொடற வரைக்கும் கெயின மெதுவா ஏத்தி நிறுத்துங்க. சாதா மீட்டர்ல டோன் ஹெர்ட்ஸ் ஜாஸ்தியா இருந்தா தப்பா காட்டும், அதனாலதான் 100. அப்புறம் ஃபில்டர 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் வெச்சு, கதவு ஸ்பீக்கருக்கு அதுக்குக் கீழ இருக்கற பேஸ அனுப்பாதீங்க, அது அதோட வேலை இல்ல. ஈக்வலைசர்ல 6 டெசிபல் ஏத்துனா அந்த எடத்துல ஆம்புக்கு நாலு மடங்கு வேலை, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

80க்குக் கீழ இருக்கறதுக்கு ஆறு மாசம் கழிச்சு சீட்டுக்கு அடியில வெக்கற 8 இன்ச் சப் (ரொம்பக் கீழ்ச் சத்தத்துக்கான சப்ஊஃபர்) ஒண்ணு வாங்கினேன், ஆம்ப் உள்ளயே இருக்கறது. நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவு வேலை முடிச்சவங்களுக்கு அது அவசரமில்ல, காசு சேர்றப்ப வாங்கிக்கலாம்.

கடைசியா ஒண்ணு, செட்டுல டைம் அலைன்மென்ட்னு, ஒவ்வொரு ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்துல காதுக்கு வர்ற மாதிரி சரி பண்ற வசதி, இருந்தா விட்றாதீங்க. நாம வலது பக்கம் உக்காந்திருக்கோம், வலது ஸ்பீக்கர் முக்கா மீட்டர்ல, இடது ஒன்றரை மீட்டருக்கு மேல. 80 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு சத்தம் 2.3 மில்லி செகண்ட் பிந்தி வருது, அதனாலதான் பாட்டு பூரா வலது முட்டிகிட்ட கேக்குது. வலது ஸ்பீக்கர 2.3 மில்லி செகண்ட் தாமதப்படுத்தி வெச்சேன். அன்னிக்கு ராத்திரி பாலக்காடு தாண்டி குதிரான் சுரங்கத்துக்குள்ள நுழையறேன், 2021ல திறந்தாங்களே அந்த சுரங்கம், உள்ள போனா சத்தம் எதிரொலிச்சு முன்னெல்லாம் பாட்டே கேக்காது, கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு பாத்தா பாடற அம்மாவோட கொரலு நடு டேஷ்போர்டுக்கு மேல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாடற மாதிரி இருக்கு. மூச்சு இழுக்கறது கேக்குது. முப்பது வருஷமா கேக்கற பாட்டு, அந்த மூச்ச நான் கேட்டதே இல்ல.

மொத்தச் செலவு சப் இல்லாம இருவத்தி மூவாயிரம் ஆச்சு, அதுல ஒயர், எர்த், கதவு, தரை எல்லாம் சேத்து ஒம்போதாயிரம் கிட்ட, மிச்சம்தான் செட்டு, ஸ்பீக்கர், ஆம்ப். பணம் கம்மியா இருக்கறவங்க அந்த ஒம்போதாயிரத்த மட்டும் முதல்ல பண்ணிட்டு பழைய செட்டவே ஓட்டிப் பாருங்க, பாதிப் பேருக்கு அதுவே போதும்னு தோணும். மாட்டி முடிச்சதும் பில்ல பத்திரமா வெச்சு, இன்சூரன்ஸ் ரினீவல் பண்றப்ப வெளிய வாங்கி மாட்டுன எலெக்ட்ரிக்கல் சாமான்னு தனியா சேக்கச் சொல்லுங்க, கொஞ்சம் கூடுதல் ப்ரீமியம் வரும், ஆனா சேக்கலன்னா செட்டு திருட்டுப் போனா அதுக்கு ஒண்ணும் கெடைக்காது.

இப்ப என் வண்டில மிச்சம் இருக்கறது ஒரே ஒரு அதிர்வு. ஒரு குறிப்பிட்ட பேஸ் வர்றப்ப மட்டும் இடது பக்கம் எங்கயோ "ர்ர்ர்"ங்குது. அந்த டோன மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டு, மச்சான் ஒவ்வொரு எடமா விரல வெச்சு அழுத்திப் பாத்துட்டு வர்றான், போன வாரம் கதவு, பேடு, தாழ்ப்பாள் எல்லாம் பாத்தாச்சு. சீட் பெல்ட் கொக்கி மேலதான் எனக்கு சந்தேகம். ஞாயித்துக்கிழமை கழட்டிப் பாக்கணும்.